கம்பளியை மெஷினில் போட்ட கதை

போன மாதம் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புனேயிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கம்பளியைத் துணி துவைக்கும் மெஷினில் போட்டேன். அதுவும் சுடுதண்ணீரில். ஆறேழு வருஷமாக அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. இந்த மழைக்கு மலேசியாவில், எங்கள் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கிறது, கம்பளி எம்மாத்திரம்? எடுத்துப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு வெள்ளை பூத்திருந்தது. ஒரு அலசு அலசிப் போட்டால் போச்சு என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உள்ளே போனது ஆறடிக்கு மேல் நீளமான போர்வை. வெளியே வந்தது சாமி அறையில் விரிக்கிற பாய் அளவு. தடிமன் மட்டும் இரண்டு மடங்கு. நூல் நூலாகத் தெரிந்த நெசவு காணாமல் போய், ஒரே சப்பையாக, பதப்படுத்தாத தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. சரி, முதலில் காயட்டும் என்று சன்னலுக்கு வெளியே கழியில் போட்டேன். எங்கள் வீடு பதினோராவது மாடி.

பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு சீன ஆண்டி வந்து கதவைத் தட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு மலாயில் கேட்டார், உங்கள் வீட்டில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று. நான் கழியைக் காட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் சத்தத்தில் அப்பா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அம்மா போனபிறகு இரண்டு வருஷமாக என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. கண் மங்கல், காது அதைவிட மங்கல், மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. கூடத்தில் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"செம்மறியால்ல இருக்கு. இங்க ஏதும்மா செம்மறி?"

"வெள்ளாடா இருக்கலாம்லப்பா?"

"வெள்ளாட்டுக் கிடா நாத்தம் வேற. அது மூத்திரம். இது மயிரு நனைஞ்ச நாத்தம். எண்ணெய்ப் பிசுக்கோட வரும்."

அப்பா ஆட்டு மயிர் என்றுதான் சொல்வார். நான் இனிமேல் முடி என்றே எழுதிக்கொள்கிறேன், படிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். தெற்கு செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. 1980களில் ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி ஆடு விடும் யோசனை பல தோட்டங்களில் வந்தது. ஆடு களையைத் தின்றுவிடும், மருந்து அடிக்கிற செலவு மிச்சம், கறியும் கிடைக்கும். வெள்ளாட்டை மட்டும் விடமாட்டார்கள். அது மரப்பட்டையைக் கடித்து உரித்துவிடும், பால்மரத்துக்குப் பட்டைதானே எல்லாம். எங்கள் தோட்டத்துக்கும் ஒரு நாள் லோரியில் செம்மறிகள் வந்து இறங்கின. மாலின் என்று சொல்கிற உள்ளூர் ஆடுகள், அவற்றோடு சேர்க்க வெளிநாட்டு டோர்செட் கிடாய்கள். காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், தோட்டத்துக் கணக்கர் கிராணி அப்பாவைக் கூப்பிட்டு, "உங்கப்பா ஊர்ல ஆடு மேச்சவருதான? நீயே பாத்துக்க" என்றாராம். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மொத்தம் நூற்றிருபது உருப்படி.

அப்பா அதுவரை ஆடு மேய்த்ததே இல்லை. தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் வாயில் கேட்ட கதைகள்தான் அப்பாவின் முதலீடு.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஆடுகளுக்குத் தரையிலிருந்து உயர்த்தி, சட்டம் சட்டமாக இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகை போட்டிருந்தார்கள். புழுக்கை அந்த இடைவெளி வழியாகக் கீழே விழும். பள்ளி விட்டு வந்ததும் குனிந்து உள்ளே போய் அதைக் கூட்டி அள்ளுவது என் வேலை. அப்பா அதை மூட்டை கட்டி காய்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்பார். மூட்டைக்கு எனக்கு இருபது சென். இந்த வேலைக்காக எத்தனை நாள் குளித்தும் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பது தனிக்கதை.

இப்போது கம்பளிக்கு வருகிறேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். 2018இல் கம்பெனி என்னை எட்டு மாதத்துக்கு புனேவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கணுக்கு அனுப்பியது. தீபாவளி அங்கே வந்தது. உடன் வேலை பார்த்த ஒரு மராத்தி நண்பர், தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள் அக்கா என்று தன் குடும்பத்தோடு கொங்கணக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர். மூன்று நாள் மீனும் சோறும். திரும்பும்போது தாம்ஹிணி கணவாய் வழியாகக் கார் மலையேறியது. பாதி தூரத்தில் எதிரே சாலை முழுக்க ஆடு.

நானூறு ஐந்நூறு இருக்கும். கறுப்புச் செம்மறி, சிலவற்றுக்கு முகத்தில் வெள்ளை. நண்பர் இன்ஜினை நிறுத்திவிட்டார். ஆடுகள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு இறங்கின. சிவப்புத் தலைப்பாகையும் வேட்டியுமாக ஆண்கள், தோளில் மடித்த கறுப்புக் கம்பளி. கடைசியில் மூன்று குதிரைகள். ஒட்டகத்துக்கு ஏற்றுகிற மாதிரி பாத்திரம், தானிய மூட்டை, கயிறு, கால் கட்டிய கோழிகள் என்று ஏற்றியிருந்தது. ஒரு குதிரையின் மூட்டைக்கு மேலே ஒரு நாய்க்குட்டி, ஏதோ தன் கார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் தொங்கிய பையிலிருந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது, பிறந்து ஒரு நாள் இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். ஈனிய தாய் நடக்கும், குட்டி சவாரி போகும்.

குதிரைகளை நடத்திவந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். ஒன்பது கெஜப் புடவை, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். கார் சன்னலுக்குக் குனிந்து நண்பரிடம் ஏதோ கேட்டார். நண்பர் தலையைச் சொறிந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த தன் அம்மாவைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அந்தம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

என்ன கேட்டார் என்றேன். "கீழே நெல் அறுத்து முடிச்சாச்சா?"

மூன்று நாள் வயல்களுக்கு நடுவேதான் போய்வந்தோம். நான்கு பெரியவர்கள், இரண்டு பட்டதாரிகள். ஒருவர்கூட அறுத்த வயலா அறுக்காத வயலா என்று பார்த்திருக்கவில்லை.

இவர்கள்தான் தங்கர்கள். மராட்டிய நாட்டின் மேய்ச்சல் சமூகம். ஓரிடத்தில் தங்காதவர்களுக்குத் தங்கர் என்று பெயர் இருப்பது தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருந்தது. நண்பர் சொன்ன விளக்கம், தனம் என்றால் செல்வம், ஆடுமாடுதான் செல்வம் என்பது. தமிழிலும் மாடு என்றால் செல்வம் என்று ஒரு பொருள் உண்டே என்றேன்.

நண்பருக்கு பல்டண் பக்கம் சொந்த ஊர், விவசாயக் குடும்பம். அவருடைய பாட்டி காலத்தில் தங்கர் ஆடுகள் அவர்கள் நிலத்தில் ராத்திரி தங்கும். அதனால் விஷயம் தெரிந்திருந்தது. மீதி வழியெல்லாம் அந்தம்மாவின் கேள்விக்கு அவர் உரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சஹ்யாத்ரி மலைக்கு மேற்கே கொங்கணம். வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய முழுவதும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பிரதேசம். சாத்தாரா, சாங்லி, சோலாப்பூர், அஹமத்நகர் மாவட்டங்களில் 500 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம் என்கிற இடங்கள் உண்டு. அந்தக் காய்ந்த மேட்டில் வளர்ந்த ஆடு தக்காணிச் செம்மறி. கல்லிலும் முள்ளிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கும். சேற்றில் நிற்க வைத்தால் குளம்பு அழுகும். ஆகவே மழைக்காலத்தில் மேட்டிலேயே இருப்பார்கள், புல்லும் அப்போதுதான் இருக்கும். தீபாவளி முடிந்ததும் மேட்டில் புல் தீர்ந்துவிடும், அதே சமயம் கீழே கொங்கணத்தில் நெல் அறுத்துத் தாள் நிற்கும். இறங்குவார்கள். கோடை முழுக்கக் கீழே வயலுக்கு வயல் நகர்ந்துவிட்டு, ஜூன் மழை இறங்குவதற்கு முன்னால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். முன்னதாக இறங்கினால் வயலில் பயிர் நிற்கும், விவசாயி கம்பை எடுத்துக்கொண்டு வருவான். பிந்தி ஏறினால் மழை பிடித்துக்கொள்ளும். அந்தம்மா கேட்டது வழிப்போக்கர்களிடம் பேச்சுக்குக் கேட்ட கேள்வி இல்லை. நாங்கள் ஒரு பதில் சொல்லியிருந்தால் ஒரு நாள் நடையை மிச்சப்படுத்தியிருப்பாரோ என்னவோ.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏழெட்டு வீடுகள் தெரிந்தன. நண்பர் காட்டினார், அவர்களும் தங்கர்கள், கவ்ளி தங்கர்கள். அவர்கள் வைத்திருப்பது எருமை. பாலும் நெய்யும்தான் பிழைப்பு. எருமைக்குச் சேறு என்றால் சொர்க்கம். அதனால் அவர்கள் அந்த அடைமழையிலும் மலையிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரே சமூகத்தில் யார் நடப்பது யார் உட்காருவது என்பதை மாட்டின் காலும் ஆட்டின் காலும் முடிவு செய்திருக்கின்றன. இது என் கண்டுபிடிப்பு. நண்பர் சிரித்தார்.

இதையெல்லாம் போன மாதம்தான் முதல்தடவையாக அப்பாவிடம் விவரமாகச் சொன்னேன். கம்பளி கழியில் சொட்டிக்கொண்டிருந்தது. கொங்கணத்து மழை அளவைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் பினாங்குக்கும் ஏறக்குறைய அதே மழைதான். அங்கே நாலு மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை இங்கே வருஷம் முழுக்கத் தவணை முறையில் கட்டுகிறது வானம்.

"அவுங்களுக்கு ஏற மேடு இருந்துச்சு. எனக்கு எங்க இருந்துச்சு?" என்றார்.

அப்பாவின் ஆடுகளுக்குக் கால் அழுகல் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலியில் நிற்க முடியாமல் ஆடு முன்னங்கால்களை மண்டியிட்டு, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து புல் மேயும். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறது என்று சிரிப்பார்கள். அப்பா தகர டின்னை நீளவாக்கில் பிளந்து தொட்டி செய்து, மயில்துத்தம் கரைத்த நீல தண்ணீரில் ஒவ்வொரு ஆட்டையும் நடக்க வைப்பார். பிறகு மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு பால் வெட்டுகிற பழைய கத்தியால் அழுகின குளம்பைச் சீவுவார். அந்த நாற்றம் செத்த எலியைவிட மோசம். நீலம் பட்ட அவர் விரல்நகங்களைப் பார்த்து அம்மா, "சோத்துல கை வைக்காதீங்க" என்று ஸ்பூன் கொடுப்பாள். ஒரு வாரம் வெயில் அடித்தால் சரியாகிவிடும். அந்த ஒரு வாரம் அநேகமாக வராது.

கடைசியில் ஆடுகளை விற்பது என்று மேலே முடிவானது. லோரி வந்து நின்றபிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். ஏற்றிவிடச் சொன்னார்கள், ஏற்றிவிட்டார். மறுநாள் பழையபடி பால் வெட்ட ரப்பர் நிரைக்குப் போனார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. போன மாதம்கூட அந்த இடம் வந்ததும் "அப்புறம் என்னா, அந்தத் தங்கரு ராத்திரி எங்க படுப்பாங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ராத்திரி அறுத்த வயலில்தான் படுப்பார்கள். ஆடுகளும் அதே வயலில். பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து நகர்கிற கூட்டத்துக்கு வாடா என்று பேர். அதற்கு ஒரு மூத்தவர் இருப்பார். நாளைக்கு எந்த ஊர், எந்த வயல், அந்த வயல்காரரிடம் எவ்வளவு நெல் அல்லது பணம் என்பதெல்லாம் அவர் பேசி முடிப்பது. பெண்கள் விடிவதற்கு முன்னால் மூட்டை கட்டிக் குதிரைகளோடு சாலை வழியே முன்னால் போய்விடுவார்கள். ஆண்கள் ஆடுகளை மேய்ச்சல் உள்ள ஓரமாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு சாயங்காலம் வந்து சேரும்போது மூன்று கல் வைத்து பாக்ரி என்கிற ரொட்டி சுட்டு முடிந்திருக்கும். ராத்திரி முழுக்க ஆடுகள் போடுகிற புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. அதற்குத்தான் கூலி.

"அட, கிடை!" என்றார் அப்பா.

கிடையேதான். தாத்தா ஊரில் அறுப்புக்குப் பிறகு ராமநாதபுரத்து ஆடுகள் தஞ்சாவூர்ப் பக்கம் வலசை போகும். மூத்தவருக்குப் பேர் கீதாரி. குட்டிகளைக் கவிழ்த்து வைக்கிற கூடைக்குப் பேர் குடாப்பு. கிளையை வளைக்கிற கம்பு தொரட்டி. அப்பா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வெளியே வைத்தார். தாத்தா சொல்லி இவர் கேட்ட சொற்கள். இந்தச் சொற்களுக்குரிய பொருளில் ஒன்றைக்கூட இவர் கண்ணால் பார்த்ததில்லை, தொரட்டியைத் தவிர. நான் குடாப்பு என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சரி, கம்பளி. மராத்தியில் கோங்கடி என்பார்கள். நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் நண்பர் தன் ஊர்ப்பக்கம் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தங்கர்களிலேயே குட்டேகர் என்று ஒரு பிரிவு நெசவு செய்கிறது, சங்கர் என்ற தனிச் சாதியாரும் செய்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் குழித்தறி. பெரியவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார், இடுப்பு வரைதான் வெளியே தெரிந்தது. பாவு நூல் முற்றம் முழுக்க நீண்டிருந்தது. அவருடைய மருமகள் ஒரு பெரிய தூரிகையால் அதில் பசை தடவிக்கொண்டிருந்தார். என்ன பசை என்று முகர்ந்தால், புளியங்கொட்டை! கொட்டையை உடைத்து அரைத்துக் காய்ச்சிய கூழ். அது ஏறினால்தான் இந்த முரட்டு நூல் தறியில் அறுந்து போகாமல் நிற்கும். சாயம் கிடையாது. ஆடு என்ன கறுப்போ அதுதான் கம்பளியின் கறுப்பு. கரையில் வெள்ளை ஆட்டின் வெள்ளை.

பெரியவர் இரண்டு கம்பளிகளை விரித்தார். ஒன்று மற்றதைவிட மெத்தென்று இருந்தது, விலையும் இரண்டு பங்குக்கு மேல். அது ஜாவள் கோங்கடி. ஆட்டுக்குட்டிக்கு முதன்முதலில் கத்தரிக்கிற முடியில் நெய்தது. மனிதக் குழந்தையின் பிறந்த முடிக்கும் மராத்தியில் ஜாவள் என்றுதான் பேர், மொட்டை போடுகிற சடங்குக்கும் அதே பேர். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலில் என் மகனுக்கு மொட்டை போட்டு முடியைக் குப்பையில் போட்டது ஞாபகம் வந்தது. எனக்குக் கையிலிருந்த பணத்துக்கு சாதாரணக் கம்பளிதான் கட்டியது.

அதைப் போர்த்துகிற விதத்தையும் பெரியவர் காட்டினார். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடுகிற தொப்பி. மேட்டில் மழை பெய்யும்போது இதைப் போட்டுக்கொண்டு ஆட்டோடு நிற்பார்கள். முடியில் இருக்கிற பிசுக்கில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். நான் சிரித்துவிட்டேன். தோட்டத்தில் மழைக்கு அப்பா கோணிச்சாக்கை இதே மாதிரி ஒரு மூலைக்குள் மறுமூலையைத் திணித்துப் போட்டுக்கொள்வார். அதற்குக் கொங்காணி என்று பேர். சொல்லுக்குள்ளேயே கொங்கணம் ஒலிக்கிறது என்பது அந்தத் திண்ணையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அந்தப் பெரியவரின் தறியைத் தவிர அந்தத் தெருவில் வேறு தறி ஓடவில்லை. தக்காணி ஆட்டு முடி முரடு, உடம்பில் பட்டால் குத்தும், நைலான் போர்வை பாதி விலைக்குக் கிடைக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரித்தாலும் ஒரு ஆட்டில் அரைக் கிலோ அளவுக்குத்தான் தேறும். பல இடங்களில் கத்தரிக்கிற கூலிகூட முடியில் திரும்புவதில்லை என்று அப்படியே கொட்டிவிடுகிறார்கள். இப்போது ஆடு கறிக்குத்தான். அப்பாவும் டோர்செட் கலப்பு ஆடுகளுக்கு உஷ்ணம் தாங்காது என்று கத்தரித்து, மூட்டை மூட்டையாக முடியைப் பள்ளத்தில் கொட்டியவர்தான். "நூல் நூத்திருக்கலாமோ?" என்று இப்போது கேட்கிறார். இந்த ஊர் வெயிலில் யார் போர்த்துவது?

பல்டணில் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். தக்காணி ஆடு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அங்கே இருக்கும் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் வங்காளத்து சுந்தரவனத்துக் குட்டை ஆடான காரோலின் ஒரு மரபணுவைத் தக்காணிக்குள் கொண்டுவந்து, இரட்டைக் குட்டி போடுகிற ஆட்டை உருவாக்கியிருக்கிறார்கள். ரொம்பப் பெரிய சாதனை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "கட்டிப்போட்டு வளக்குறவனுக்குச் சரி. நடக்குறவனுக்கு ரெண்டு குட்டி பாரம்லா. குதிரைல எத்தனைப் பைதான் தொங்கவிடுறது?" அந்தத் தாம்ஹிணிப் பையை அவர் பார்த்ததில்லை. நான் ஒரு தடவை சொன்னதுதான்.

ஜெஜூரிக்கும் போனேன், அதை எழுதாவிட்டால் என் மாமியார் கோபித்துக்கொள்வார். புனே மாவட்டத்தில் மலைமேல் இருக்கிறது கண்டோபா கோவில். படியெல்லாம் மஞ்சள்தூள், வாரி இறைக்கிறார்கள், என் கைப்பை இன்றைக்கும் மஞ்சள். கண்டோபாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் மாள்சா, வணிகர் வீட்டுப் பெண். இளையவள் பானாய், தங்கர் பெண். அவளுக்காகச் சாமி வேஷம் மாற்றி அவள் வீட்டில் ஆடு மேய்க்கிற வேலைக்குச் சேர்கிறார். ஒரு நாள் ஆடுகளையெல்லாம் கொன்றுபோட்டுவிட்டு, பெண்ணைக் கொடுத்தால் உயிர் கொடுக்கிறேன் என்று பேரம் பேசுகிறார். மலையுச்சியில் மூத்தவள் ஆட்சி. இளையவளுக்குப் பாதி மலையில் தனிக்கோவில். தண்ணீர்மலையில் 513 படி ஏறி முருகனைப் பார்க்கிற ஊர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வள்ளி தினைப்புனத்தில் கிளி ஓட்டினாள், பானாய் ஆடு ஓட்டினாள். வேஷம் போடுவதில் மட்டும் இரண்டு சாமிகளும் ஒன்று.

நம் ஊர் அக்காமார் வருஷா வருஷம் கூட்டமாகக் காசி யாத்திரை போகிறார்கள். அவர்கள் கும்பிடுகிற விஸ்வநாதர் கோவிலை 1780இல் கட்டியவர் அஹில்யாபாய் ஹோல்கர். 1725இல் அஹமத்நகர் பக்கம் சோண்டி என்ற கிராமத்தில் தங்கர் குடும்பத்தில் பிறந்து, மால்வாவை ஆண்டவர். இப்போது அந்த மாவட்டத்துக்கே அஹில்யாநகர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். ராணியின் பேர் மாவட்டத்துக்கு வந்துவிட்டது, ஆனால் சமூகத்தின் பேரில் ஒரு எழுத்துத் தகராறு இன்னும் தீரவில்லை. பழங்குடிப் பட்டியலில் மராட்டியத்துக்கு 'தங்கட்' என்று இருக்கிறது. அது நாங்கள்தான், எழுத்துப் பிழை என்று தங்கர்கள் பல காலமாகப் போராடுகிறார்கள். அது வேறு சமூகம் என்று சொல்லி பம்பாய் உயர்நீதிமன்றம் 2024இல் வழக்கைத் தள்ளிவிட்டது. எதிர்த்தரப்புப் பழங்குடிகளுக்கும் தங்கள் பங்கு குறையும் என்ற நியாயமான பயம் இருக்கிறது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியதற்காக வருஷக்கணக்கில் கவுண்டர் கவுண்டராக அலைந்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு, அதனால் அந்தச் செய்தியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

நண்பர் போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே தாம்ஹிணி சாலை. ஆட்டுக்குட்டிகளும் பாத்திரங்களும் ஒரு டெம்போவில், மேலே ஒரு நாய். குதிரை இல்லை. கீழே கொங்கணத்தில் முன்போல நெல்வயல் இல்லையாம். மாந்தோப்பு, முந்திரித் தோப்பு, வேலி, விலைக்குப் போன மனை. மேலே மேட்டில் பாசனம் வந்த இடமெல்லாம் கரும்பு. நடுவில் காட்டு இலாகாவின் தடை. இரண்டு பக்கமும் வயல் திறந்திருந்தால்தானே ஏறுவதும் இறங்குவதும்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "காலு நல்லா இருக்கு" என்றார். டெம்போவுக்குப் பின்னால் நடந்துபோகிற ஆடுகளைச் சொன்னார்.

கம்பளி மூன்றாம் நாள்தான் காய்ந்தது. நாற்றமும் பாதி போய்விட்டது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்ல, அப்பா விடவில்லை. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைக் கேட்டார். குறுக்கே வெட்டினார், கை நடுங்கினாலும் கோடு நேராகத்தான் போனது. வெட்டின ஓரம் பிரிந்துகொண்டு வரும் என்று நினைத்தேன். ஒரு நூல்கூட அசையவில்லை. சுடுதண்ணீரில் முடிக்கு முடி பின்னி ஒன்றாகிவிட்டது, இனி அது நெய்த துணியே இல்லை. ஒரு துண்டை நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதுகுவலிக்கு நல்லதாம். அந்த நெசவுக்காரப் பெரியவரும் இதையேதான் சொல்லி விற்றார் என்பதை நான் சொல்லவில்லை.

முந்தாநாள் சீன ஆண்டி பசியாற குவே பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வந்தவர், அப்பாவின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, அது என்ன, தனக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அப்பா உள்ளே போய் மீதித் துண்டை எடுத்துவந்து கொடுத்தார். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, சிரித்து, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். இந்தியாவில், மழைக்குப் போர்த்துகிற கம்பளி என்று அப்பா மலாயில் விளக்கினார். பிறகு அவர் லிஃப்ட் பக்கம் திரும்பியதும் பின்னாலேயே இரண்டு எட்டு போய், குரலை உயர்த்தி, தயவுசெய்து இதை மட்டும் நனைத்துவிடாதீர்கள் என்றார்.